சோபாவைப் பின்னால் போடச் சொன்னவள்

எந்த விழாவானாலும் மேடைக்கு நேர் முன்னால் ஒரு சோபா போட்டிருப்பார்கள். அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, எதிரில் சின்ன மேஜை வைத்து, மேஜையில் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள். அதில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாம் ஆம்பளைகள். அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் ஆம்பளைகள். பொம்பளைகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் காது அடைக்க நிற்பார்கள். அறுபது வயது வரைக்கும் நானும் அப்படி நின்றவள்தான். அதில் ஒரு அநியாயம் இருக்கிறதென்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தச் சோபாவைத் தூக்கிப் பின்னால் போடுங்கள் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிக் கேட்ட பிறகுதான் தோன்றியது.

அவள் பேரை எழுத மாட்டேன். பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அவளைக் கேவலப்படுத்தினார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு சுனாமி வந்த மறு வருஷம் குடிவந்தாள். குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். வீட்டிலேயே சப்பாத்தி குருமா செய்து, தனியாகத் தங்கி வேலை பார்க்கும் பையன்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். முதலில் தெருவில் எல்லோரும் குவைத்துக்காரி என்றார்கள். பிறகு வயித்தாட்டக்காரி என்றார்கள். ஒரு நாள் கடைத்தெருவில் எவனோ பின்னாலிருந்து அப்படிக் கூப்பிட்டபோது திரும்பி நின்று, "ஆமா, அதான் ஆடுறேன். ஒனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள். அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நான் வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கிறவள். அதிகம் பேச மாட்டேன். அளவு எடுக்கும்போதுகூட, கையைத் தூக்குங்க, திரும்புங்க, அவ்வளவுதான். அவள் ஒரு நாள் பையோடு வந்து, கருப்புத் துணி ஒன்றை எடுத்து என் மிஷின் மேல் விரித்தாள். இடுப்பில் கட்டுகிற துணி. ஓரமெல்லாம் காசு காசாகத் தொங்கியது.

"அக்கா, இதே மாதிரி இன்னும் மூணு வேணும்."

"இது எதுக்கு?"

"பெல்லி டான்ஸுக்கு. வயித்தால ஆடுறது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை. "வெக்கப்படாதீங்கக்கா. நான் இருந்த ஊர்ல கல்யாணம்னா பொம்பளைங்களுக்குத் தனிக் கூடம். ஒரு ஆம்பள உள்ள வர முடியாது. வீடியோ புடிக்கிறதே பொம்பளதான். மாப்பிள்ளயோட பாட்டிம்மா, நடக்கவே ரெண்டு பேரு புடிக்கணும், அவுங்க கைத்தடிய செவுத்துல சாத்திட்டு எறங்கி ஆடுனாங்க. நான் பிரியாணித் தட்டோட அப்டியே நின்னுட்டேன். அவுங்கதான் தட்ட வாங்கி வெச்சுட்டு என்ன இழுத்துவுட்டாங்க."

குவைத்துக் காசு இங்கே எங்கே கிடைக்கும்? கவரிங் கடையில் காசுமாலைகள் வாங்கிப் பிரித்து, ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தேன். முடித்துக் கொடுத்தபோது அவள் கட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், குனிந்து ஒரு காசைப் பிடித்துப் பார்த்ததும் முகம் வாடிப் போனாள்.

"ஐயோ அக்கா, மகாலட்சுமி இருக்காக்கா இதுல! சாமிய இடுப்புல கட்டிக்கிட்டு ஆட்டுறதா? பிரிங்க, பிரிங்க."

காசுமாலை என்றால் லட்சுமி இருப்பாள் என்று அவளுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தோம். அவள் ஒவ்வொரு காசையும் கண்ணில் ஒற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு, கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிறகு பூப்போட்ட காசாகத் தேடி வாங்கிவந்தோம். இவளைத்தான் பின்னாளில் சாமி பயம் இல்லாதவள் என்றார்கள்.

அவளோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். பியூட்டி பார்லர் வைத்திருந்தவள் ஒருத்தி, நர்சரி பள்ளி டீச்சர் ஒருத்தி, மருந்துக் கடையில் வேலை பார்த்தவள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டியூஷன் வீட்டு மாடியில் ஆடிப் பழகுவார்கள். நாலு பேரில் யாருக்கும் சினிமாக்காரி உடம்பு கிடையாது. அவளுக்கே வயிறு முன்னால் தள்ளி இருக்கும். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்த தழும்பு இருக்கும். அந்தப் பிள்ளை தங்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். புருஷன் அதற்குப் பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டான். ஆனால் பாட்டு ஆரம்பித்ததும், உலையில் அரிசி பொங்கி மேலே வந்து அடங்குமே, அது மாதிரி அந்த வயிறு எழும்பி அடங்கும். தோள் அசையாது. முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். எனக்கு அதில் அசிங்கம் எதுவும் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க என் வயிற்றைப் பற்றியே எனக்கு ஒரு மரியாதை வந்தது.

பார்லர்காரியின் மாமியார்தான் முதலில் தடுத்தாள். மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, "ஆம்பளைங்க பாப்பாங்களாடி?" என்று கேட்டாள்.

"பாப்பாங்க அத்த. பொய் சொல்ல மாட்டேன். ஆனா முன்னால பூரா பொம்பளைங்கதான் உக்காந்திருப்பாங்க. அவுங்களப் பாத்துதான் ஆடுவோம். ஆம்பளைங்க பின்னால. இந்தப் பேச்சு என்னிக்கு மாறுதோ அன்னிக்கு ஒங்க மருமவள நானே கொண்டாந்து வூட்டுல வுட்டுடுறேன்."

மற்ற இரண்டு வீட்டிலும் இதே வாக்கைக் கொடுத்தாள். இந்த வாக்கை நம்பித்தான் மூன்று வீட்டிலும் அனுப்பினார்கள். குவைத்துக் கூடம் மாதிரி இங்கே கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் முன் வரிசையையாவது கேட்டாள்.

முதல் தடவை கடலூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் பொங்கல் விழா. துணி நெகிழ்ந்தால் ஊக்குக் குத்த என்னையும் கூட்டிப்போனாள். மேடை ஏறும் முன்பே செயலாளரைக் கூப்பிட்டாள்.

"சார், இந்த சோபாவத் தூக்கிப் பின்னால போடச் சொல்லுங்க."

"ஏம்மா? அது விஐபிங்களுக்கு."

"பொம்பளைங்கள முன்னால உக்கார வைங்க. இல்லாட்டி ஆட மாட்டோம். போன்லயே சொல்லிட்டேனே."

"சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்பளை போனில் சொன்னால் சும்மா சொன்னதாக அர்த்தமாம்! சோபாவைத் தூக்கினார்கள். பெண்கள் முன்னால் வர வெட்கப்பட்டார்கள். அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடு நாற்காலியில் உட்கார வைத்தாள். "அக்கா, ஊக்கு டப்பாவ மடியில வெச்சிக்கிட்டு இங்கியே இருங்க. நீங்க உக்காந்தா அவுங்க வருவாங்க." வந்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் ஆளாக உட்காருவது என் வேலை ஆயிற்று. என்னைப் போய் அந்த வேலைக்கு வைத்தாள் பாருங்கள்!

கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். நோட்டீஸில் அரபு நாட்டுக் கிராமிய நடனம் என்று போடலாமா என்பார்கள். உடற்பயிற்சி என்று சொல்லிவிடலாமா என்பார்கள். வயிறு தெரியாமல் தோல் நிறத்தில் ஒரு துணி போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஒருத்தர் என் எதிரிலேயே கேட்டார். அவர் மனைவி பக்கத்தில் பட்டுச் சேலையோடு நின்றிருந்தார். அவள் அந்த அம்மாளைப் பார்த்து, "அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினாள். "சார், சேல கட்டுன பொம்பளைக்கு இடுப்பு தெரியாதா? பஸ் ஸ்டாண்டுல, ரேஷன் கடையில, கோயில்ல, எங்க தெரியல? அங்கல்லாம் தோல் கலர் துணி சுத்திக்கிட்டா வர்றாங்க? நாங்க ஆட்டுனாத்தான் ஒங்களுக்கு வயிறுன்னு ஞாபகம் வருதா?" அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது.

திருப்பாதிரிப்புலியூரிலேயே ஒரு விழாவில், நடு ஆட்டத்தில் பாட்டு மாறிவிட்டது. பின்னாலிருந்து யாரோ சொல்லி, பாட்டு போடுகிற பையன் ஒரு குத்துப் பாட்டைப் போட்டுவிட்டான். நாலு பேரும் கம்பம் மாதிரி நின்றார்கள். விசில் பறந்தது. அவள் மைக்கை எடுத்தாள். "பாட்ட மாத்தச் சொன்னவரு யாரு? வாங்க சார், மேல வாங்க. நீங்க ஆடுங்க, நாங்க பாக்குறோம்." யாரும் வரவில்லை. பழைய பாட்டு வந்தது. ஆனால் முடிகிற நேரத்தில் ஒருத்தன் ரூபாய் நோட்டும் ஊக்குமாக மேடை ஏறிவிட்டான். ஆடுகிற பெண்ணின் ஜாக்கெட்டில் நோட்டுக் குத்துகிற அந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. கேட்டால் அன்பளிப்பு என்பார்கள். அவன் கை நீளும் முன்பே அவள் நோட்டையும் ஊக்கையும் பிடுங்கி அவன் சட்டையிலேயே குத்தினாள். "ஆடிக்கிட்டு வந்தது நீங்கதான் மாமா. ஒங்களுக்குத்தான் இது," என்றாள். முன் வரிசைப் பெண்கள் கை தட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவள் முழுச் சந்தோஷமாக ஆடி நான் பார்த்தது பரங்கிப்பேட்டையில்தான். அங்கே ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம். வீட்டு ஆண்கள் எல்லாம் வளைகுடாவில் இருந்து வந்திருந்தார்கள். மருதாணி வைக்கிற அன்று பெண்களுக்கென்று தனியாக ஒரு கூடம். வாசலில் திரை போட்டு, ஒரு பாட்டியம்மா அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீசை முளைக்காத பையனைக்கூட உள்ளே விடாமல் விரட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இவள் சோபாவைப் பற்றி வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு லாத்தா, அதாவது அக்கா முறை, ஒருத்தர், "மாஷா அல்லாஹ், எங்கம்மா இத்தன நாளா ஒளிஞ்சிருந்தீங்க?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். ஆடி முடித்து வேர்க்க வேர்க்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாத்தீங்களாக்கா, காவல் காக்க ஒரு கெழவி இருந்தா போதும். எவ்ளோ லேசா இருக்குது ஒடம்பு," என்றாள்.

சிதம்பரத்தில் நடந்ததை எழுதினால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பெரிய புயல் அடிப்பதற்கு முந்தைய வருஷம். வியாபாரிகள் சங்கம் ஒன்றின் குடும்ப விழா, ஒரு மண்டபத்துத் திடலில். அதுவரை அவ்வளவு பெரிய மேடையில் அவர்கள் ஆடியதில்லை. செயலாளர் போனில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றிருந்தார். போய்ப் பார்த்தால் முன்னால் ஒன்றுக்கு மூன்று சோபா. பெண்கள் எல்லாம் கடைசியில், கயிறு கட்டி அந்தப் பக்கம்.

"அவுங்கள்லாம் டொனேஷன் குடுத்தவங்கம்மா. எப்டி எழுப்புறது?"

"எழுப்ப வேணாம் சார். சோபாவோட தூக்கி வெச்சிடுங்க."

சோபாவிலிருந்த ஒருத்தர் காலை ஆட்டிக்கொண்டே, "இன்னாம்மா, வயித்தக் காட்டத்தான வந்த? யாரு பாத்தா ஒனக்கு இன்னா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வயிறு என்னுது. யாரு பாக்கணும்னு நான்தான் சொல்லணும்."

மேடைக்குப் பக்கத்தில் நாலு பேரும் கூடினார்கள். டீச்சர் போய்விடலாம் என்றாள். பார்லர்காரிக்கு மனசு இல்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஒரே ஒரு பாட்டு ஆடிட்டுப் போயிடலாம்க்கா. எங்க மாமியாருகிட்ட யாரு போயி சொல்லப் போறா?"

"நான் சொல்லுவேன்," என்றாள் அவள்.

அவள் சொல்லியும் இருப்பாள். எனக்குத் தெரியும்.

பிறகு மேடைப் பக்கம் போகாமல் நேராக நடந்தாள். சோபாக்களைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, கயிற்றைத் தூக்கிக் குனிந்து பெண்கள் பக்கம் போனாள். மற்ற மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். நானும் ஊக்கு டப்பாவோடு ஓடினேன். "கொஞ்சம் எடம் குடுங்கம்மா, இங்கியே ஆடுறோம்," என்றாள். பெண்கள் நகர்ந்து வட்டமாக நின்றார்கள். அவள் கையைத் தூக்கிக் காட்டியதும் பாட்டு வந்தது. மண் தரையில், பெண்கள் சுற்றி நெருக்கி நிற்க, நாலு பேரும் ஆடினார்கள். அந்தப் பக்கம் மேடையில் விளக்கெல்லாம் வீணாக எரிந்துகொண்டிருந்தது. சோபாக்காரர்கள் திரும்பிப் பார்த்தால் பெண்களின் முதுகுதான் தெரியும். ஒருத்தர் சோபா மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். காலை ஆட்டினாரே, அவருடைய மனைவி என் பக்கத்தில்தான் நின்று, வளையல் குலுங்கக் கை தட்டினார்.

இரண்டு நாள் கழித்து, சிதம்பரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்தது. பொது இடத்தில் ஆபாச நடனம், குடும்பப் பெண்களைக் கெடுத்தது, சாமிக் காசை இடுப்பில் கட்டி ஆடியது என்று புகார். கொடுத்தது அந்தக் கால் ஆட்டிய ஆள்தான். அவளுக்குத் துணைக்குப் போக யாரும் இல்லை. நான் போனேன்.

அவள் இடுப்புத் துணியைப் பையில் எடுத்து வந்திருந்தாள். மேஜை மேல் விரித்து, "பாருங்க சார், எந்தக் காசுலயாவது சாமி இருக்குதா?" என்றாள். யாரும் காசைப் பார்க்கவில்லை. ஒரு போலீஸ்காரர் அந்தத் துணியைத் தூக்கி, சல் சல் என்று குலுக்கிப் பார்த்துச் சிரித்தார். நான் தைத்த துணி அது.

அவள் புகார் கொடுத்தவரிடம் கேட்டாள். "ஆபாசம்னு எழுதியிருக்கீங்களே, இன்னா பாத்தீங்க? ஒங்க பக்கந்தான் ஒண்ணுமே தெரியலியே. ஒங்க வூட்டம்மா பக்கத்துல நின்னு பாத்தாங்க. அவுங்களக் கூப்ட்டுக் கேளுங்க."

"சார், எம் பொண்டாட்டியப் போயி இழுக்கிறா பாருங்க சார்!" என்று அவர் எழுந்து குதித்தார்.

நான் வாயைத் திறந்தேன். "ஐயா, நானும் அங்கதான் இருந்தேன். தப்பா ஒண்ணும்..."

"பாட்டி, நீங்க போயி வெளிய உக்காருங்க."

அன்று கை தட்டிய அத்தனை பெண்களில் ஒருத்தியாவது வந்து சொல்லியிருக்கலாம். அவர்களை யார் விடப் போகிறார்கள்? அதுவும் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

அவள் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்தாள். அதிகாரி கடைசியில் ஒன்று சொன்னார். அப்படியானால் உன்னோடு ஆடிய மூன்று பேரின் பேரையும் விலாசத்தையும் சொல், அவர்கள் புருஷன்மாரை வரவழைத்து விசாரிக்கிறேன். அதுவரை ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொன்னவள் அதோடு பேச்சை நிறுத்தினாள். ஆபாசமாக ஆடியதற்கு வருந்துகிறேன், இனிமேல் பொது இடத்தில் ஆட மாட்டேன் என்று அவர்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதோடு எல்லாம் நின்றது. மற்ற மூன்று பேரின் பேரும் வெளியில் வரவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவள் இரண்டு வருஷம் சப்பாத்தி போட்டுவிட்டு, மறுபடி குவைத்துக்கே போய்விட்டாள். அந்தச் சங்கம் அடுத்த வருஷ விழாவுக்கு வெளியூரிலிருந்து ரெக்கார்டு டான்ஸ் கூட்டிவந்ததாம். சின்னச் சின்னப் பெண்கள், குட்டைப் பாவாடை, நோட்டுக் குத்தல் எல்லாம் நடந்ததாம். சோபா முன்னால்தான் இருந்ததாம். அதற்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. நல்லவர்கள்!

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து வந்து கடலூர் பஸ் ஏறினோம். கூட்டம். பெண்கள் என்று மேலே எழுதியிருந்த சீட்டில் இரண்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அன்று நின்று பேசக்கூடத் தெம்பு இருந்திருக்காது என்று நினைத்தேன்.

"எந்திரிங்க. லேடீஸ் சீட்டு."

"பின்னால எடம் வரும்மா, கொஞ்சம் நில்லு."

"பின்னால எடம் வந்தா நீங்க போயி உக்காருங்க. எந்திரிங்க."

எழுந்தார்கள். ஒருத்தன் முனகிக்கொண்டே பின்னால் போய்விட்டான். இன்னொருத்தன் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னை ஜன்னல் ஓரம் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டும் வரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை மடியில் இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லை. வயிறு மட்டும் குலுங்கியது. அதுவரை அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

கம்பியைப் பிடித்திருந்தவன் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். முகத்தைத் திருப்பக்கூட இல்லை. முந்தானை விலகிய இடத்தைப் பார்த்தான். அவள் அழுவதைப் பார்த்தான்.

நான் எழுந்தேன். அவளை ஜன்னல் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தேன். அவனுக்கும் அவளுக்கும் நடுவில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து நின்றேன். "பாட்டி, சீட்டு இருக்குல்ல, உக்காருங்களேன்," என்றான் அவன். நான் திரும்பவில்லை. புதுச்சத்திரம் போயிற்று, ஆலப்பாக்கம் போயிற்று. கடலூர் வரும்வரை அப்படியே நின்றேன்.